பள்ளியில் கொடுத்த கூடுதல் நேரம் கல்லூரியில் கிடையாதாம். 30 சதவீதச் சான்றிதழை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

காவிரிக்கரை அம்மா:

வணக்கம். என் மகனுக்கு மூளை முடக்குவாதம், லேசான வகை. இரண்டு கைகளிலும் இறுக்கம் உண்டு, வலது பக்கம் கொஞ்சம் அதிகம். நடப்பான், தனியாகப் பேருந்தில் போய் வருவான். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பேனா பிடித்து அரை மணி நேரம் ஆனால் விரல்கள் விறைத்துப்போகும், அப்புறம் எழுத்து கோணிக்கொண்டு வரும். அடையாள அட்டையில் 30 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள்.

பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் தேர்வுத்துறை ஆணை வந்தது. ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தார்கள். பிளஸ் டூவில் சொல்வதை எழுதுபவரும் வந்தார். நல்ல மதிப்பெண் எடுத்தான். இப்போது ஓர் உதவிபெறும் கல்லூரியில் பி.காம். முதலாண்டு. முதல் இன்டர்னலுக்கு முன்பே அலுவலகத்தில் போய்க் கேட்டோம். "பள்ளி ஆணை இங்கே செல்லாது, 40 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் தருவோம்" என்று சொல்லிவிட்டார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை.

அந்தத் தேர்வில் இரண்டு பத்து மதிப்பெண் கேள்விகளைத் தொடவே முடியவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டுக்கும் விடையை என்னிடம் வாயால் சொன்னான். முழுசாகச் சொன்னான். "விடும்மா, நான் பார்த்துக்கிறேன்" என்கிறான். என்னால் விட முடியவில்லை. நவம்பரில் செமஸ்டர் தேர்வு. மறுபடி மருத்துவக் குழுவுக்குப் போய் சதவீதத்தைக் கூட்டி வாங்கு என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அதுதான் வழியா?

சிறப்பாசிரியை, நெல்லை:

அம்மா, முதலில் அந்தக் கடைசி வரிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். சதவீதத்தைக் கூட்டப் போகாதீர்கள். இருபது வருடமாக இந்தப் பிள்ளைகளோடு இருக்கிறேன். 40-ஐத் தொட்டுவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் அலைந்து ஒரு வருடத்தையே தொலைத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகனுக்குத் தேவை வேறு ஒரு தாள்.

அடையாள அட்டையும் யு.டி.ஐ.டி. அட்டையும் (மாற்றுத்திறனாளிகளுக்கு நாடு முழுக்க ஒரே எண்ணோடு தரும் அட்டை) என்ன குறைபாடு, எத்தனை சதவீதம் என்று மட்டும்தான் சொல்லும். அந்தக் குறைபாட்டால் தேர்வறையில் என்ன நடக்கிறது என்று சொல்லாது. கல்லூரிக்குத் தெரிய வேண்டியது இரண்டாவதுதான். "இவருக்கு இன்ன குறைபாடு, அதனால் எழுதும் திறன் பாதிக்கப்படுகிறது" என்று அரசு மருத்துவமனையில் தனியாக ஒரு சான்று வாங்க வேண்டும். எழுதுவதில் உள்ள சிரமம் என்ற சொல் அதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். "வலது கையில் பலவீனம்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்காமல் திரும்பக் கேளுங்கள். பலவீனம் வேறு, எழுத முடியாமை வேறு என்று நாளைக்கு யாராவது சொல்வார்கள்.

மருத்துவர் உங்கள் மகனைப் பத்து நிமிடம்தான் பார்ப்பார். அந்தப் பத்து நிமிடத்தில் அவன் பெயரை அழகாக எழுதிக் காட்டிவிடுவான், அதோடு முடிந்தது. அதனால் வீட்டிலேயே ஒரு வேலை செய்யுங்கள். பாடப் புத்தகத்தில் ஏதாவது ஒரு பகுதியைக் கொடுத்து ஒரு மணி நேரம் நிறுத்தாமல் எழுதச் சொல்லுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தாளின் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் எத்தனை வார்த்தை என்று எண்ணிக் குறித்து வையுங்கள். முதல் பத்து நிமிடமும் கடைசிப் பத்து நிமிடமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மருத்துவருக்கு நீங்கள் விளக்கவே வேண்டாம். கை வலித்தால் நிறுத்திவிடட்டும், நிறுத்திய நேரத்தையும் எழுதுங்கள். அதுவும் ஆதாரம்தான்.

சட்டம் படிப்பவள்:

ஆசிரியை சொன்னதோடு சட்டத்தையும் சேர்த்துச் சொல்கிறேன், கையில் வைத்துக்கொள்ளுங்கள் அம்மா.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 40 சதவீதம் என்ற எல்லை அதில் எதற்கு வருகிறது என்று பார்த்தால், முக்கியமாக இட ஒதுக்கீட்டுக்கு. உயர்கல்வியில் 5 சதவீத இடம், அரசு வேலையில் 4 சதவீதம், இவற்றுக்கெல்லாம் 40 வேண்டும். ஆனால் ஒருவருக்குத் தேவைப்படும் நியாயமான வசதியைச் செய்து தருவது என்பது அதே சட்டத்தில் தனியாக நிற்கிற கடமை. பிரிவு 16 அரசு உதவி பெறும் கல்வி நிறுவனங்களையும் அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களையும் பற்றியது. பிரிவு 17-இல் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாட விலக்கு எல்லாம் பெயர் சொல்லியே இருக்கிறது.

இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதைத்தான் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 11 அன்று விகாஷ் குமார் எதிர் யு.பி.எஸ்.சி. (குடிமைப் பணித் தேர்வை நடத்தும் மத்தியத் தேர்வாணையம்) வழக்கில் தெளிவாக்கியது. அவருக்கு எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினை. 40 சதவீதம் இல்லை என்று சொல்லிக் குடிமைப் பணித் தேர்வில் எழுதுபவரை மறுத்தார்கள். எழுதுவதில் சிரமம் இருக்கிறவருக்கு 40 இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது என்று நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொன்னது. இப்படிப்பட்டவர்களுக்கு விதிமுறை வகுக்கும்படி மத்திய அரசுக்கும் உத்தரவிட்டது. அப்படி வந்ததுதான் 2022 ஆகஸ்ட் 10-இன் வழிகாட்டுதல். 40-க்குக் கீழே இருந்து எழுதச் சிரமப்படுகிறவர்களுக்கென்றே போட்டது அது. உங்கள் மகன் நேராக அதற்குள் வருகிறான். அதற்கு முன்பு இருந்த 2018 ஆகஸ்ட் 29 வழிகாட்டுதல் 40-உம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. கல்லூரி அலுவலகத்தில் அந்தப் பழையது மட்டும்தான் கையில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

2025 பிப்ரவரியில் குல்ஷன் குமார் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே உறுதிசெய்து, 40 என்ற தடை இல்லாமல் எல்லா மாற்றுத்திறனாளித் தேர்வர்களுக்கும் இந்த வசதிகளைக் கொடுக்கச் சொன்னது. மனுவில் இரண்டு வழக்குகளின் பெயரையும் எழுதுங்கள், ஒரே ஒரு வரி போதும். நீளமாகச் சட்டம் பேசினால் கோப்பு மேலிடத்துக்குக் கருத்துக் கேட்கப் போய்விடும், நவம்பர் தாண்டிவிடும்.

தேர்வறைப் பேராசிரியர்:

நான் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் தேர்வுப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் பக்கம் என்ன நடக்கிறது என்றும் தெரிந்துகொண்டால் அம்மாவுக்கு வேலை எளிதாகும்.

உங்கள் கல்லூரி தன்னாட்சியா, இல்லையா என்று முதலில் பாருங்கள். தன்னாட்சி என்றால் செமஸ்டர் தேர்வுக்கும் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரே முடிவெடுக்கலாம். இல்லையென்றால் இன்டர்னல் மட்டும்தான் கல்லூரி கையில், செமஸ்டருக்கு அனுமதி பல்கலைக்கழகத்திலிருந்து வர வேண்டும். முதல்வர் வழியாக மனு போக வேண்டும். இது தெரியாமல் முதல்வரிடம் ஒரு தாளைக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்து, ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடி வருகிறவர்களை ஒவ்வொரு செமஸ்டரும் பார்க்கிறேன்.

அலுவலகம் மறுப்பதற்குப் பெரும்பாலும் வன்மம் காரணமில்லை. தணிக்கையில் "எந்த அடிப்படையில் கொடுத்தீர்கள்" என்று கேட்டால் காட்ட ஒரு தாள் வேண்டும் என்ற பயம். நீங்கள் அந்தத் தாளைக் கொடுத்துவிட்டால் பயம் போய்விடும். வாயால் கேட்டால் வாயால்தான் மறுப்பார்கள். எழுதிக் கொடுத்து, நகலில் பெறப்பட்டது என்று முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை விழுந்த மனுவை யாரும் சும்மா மேசையில் வைத்திருக்க மாட்டார்கள்.

மனுவில் "உதவி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று மட்டும் எழுதாதீர்கள். என்ன வேண்டும் என்பதை எழுதுங்கள்: மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல், அதாவது மணிக்கு 20 நிமிடம். சொல்வதை எழுதுபவர் தேவையா, இல்லையா. தரைத்தளத்தில் அறை தேவையா. இன்டர்னல், செமஸ்டர், செய்முறை எல்லாவற்றுக்கும், மூன்று ஆண்டுக்கும் சேர்த்து. இந்தக் கடைசி விஷயத்தை எழுதாவிட்டால் ஆறு செமஸ்டருக்கு ஆறு முறை வர வேண்டியிருக்கும்.

தென்னந்தோப்பு:

யாரையும் புண்படுத்தக் கேட்கவில்லை. என் மகளும் பி.காம். படிக்கிறாள். அவளுக்கும் மூன்று மணி நேரம் போதவில்லை என்றுதான் சொல்கிறாள். 30 சதவீதம் உள்ளவருக்கு ஒரு மணி நேரம் கூடக் கொடுத்தால் மற்ற பிள்ளைகளுக்கு அது பாதகம் இல்லையா? பொய்ச் சான்றிதழ்களும் நடமாடத்தானே செய்கின்றன?

வெள்ளைக்கோல்:

கேட்டதில் தவறில்லை சார். எனக்கு முழுப் பார்வையின்மை. எம்.ஏ. வரை எழுதுபவரை வைத்துத்தான் தேர்வு எழுதினேன். அந்த ஒரு மணி நேரம் எங்கே போகிறது என்று சொல்கிறேன்.

கேள்வித்தாளை எனக்கு இன்னொருவர் படித்துக் காட்ட வேண்டும். நீங்கள் கண்ணை ஓட்டிவிட்டு எது எளிது என்று பொறுக்கிக்கொள்ளலாம், நான் எல்லாக் கேள்விகளையும் தலையில் ஏற்றிக்கொண்ட பிறகுதான் பொறுக்க முடியும். அப்புறம் ஒவ்வொரு வாக்கியமும் நான் சொல்லி, அவர் காதில் வாங்கி, எழுதி முடிக்கும்வரை அடுத்த வாக்கியத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். ஒரு பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டும். நடுவில் சேர்க்க ஒன்று தோன்றினால் எந்த இடத்தில் என்று தேட வேண்டும். நான்கு மணி நேரம் முடிந்து வெளியே வந்தபோது ஒருமுறைகூட நேரம் மிச்சம் இருந்ததில்லை.

அம்மாவின் மகன் கை விறைத்ததும் பேனாவை வைத்துவிட்டு விரலை நீவிக்கொள்கிறானே, அந்த நிமிடங்களும் தேர்வு நேரத்தில்தான் கழிகின்றன. உங்கள் மகளுக்கு அது கழிவதில்லை. பொய்ச் சான்றிதழைத் தடுக்க வேண்டியது மருத்துவக் குழுவின் வேலை. அதற்காக உண்மையான பிள்ளையின் தாளைப் பிடுங்கக் கூடாது.

அம்மாவுக்கு ஒன்று. சொல்வதை எழுதுபவர் வேண்டும் என்று முடிவு செய்தால் இப்போதே தேடத் தொடங்குங்கள். சொந்தமாகக் கூட்டி வருகிறவர் மாணவரைவிட ஒரு படி குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்பது 2018 வழிகாட்டுதல். பட்டப்படிப்பு மாணவருக்குப் பிளஸ் டூ முடித்தவர். இதில் நடப்பிலுள்ள விதியைத் தேர்வுப் பிரிவிலும் கேட்டு எழுதி வாங்குங்கள். பி.காம். என்பதால் கணக்குப் பதிவியல் வரும். பற்று எந்தப் பக்கம், வரவு எந்தப் பக்கம் என்றே தெரியாதவர் வந்தால் பேரேட்டுக் கட்டத்தை வாயால் சொல்லிப் போட வைப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். தேர்வுக்கு முன் நான்கைந்து நாள் ஒன்றாக உட்கார்ந்து பழக வேண்டும். என் நல்ல மதிப்பெண்கள் எல்லாம் பழகிய எழுதுபவரோடு எழுதியவை.

அரியர் எழுதுபவன்:

இங்கே பேசலாமா தெரியவில்லை. நான் பொறியியல் இரண்டாமாண்டு. நான்கு அரியர். போன மாதம்தான் ஒரு உளவியலாளர் பார்த்துவிட்டு டிஸ்லெக்சியா என்றார். சின்ன வயதிலிருந்து "கவனம் இல்லை, சோம்பேறி" என்றுதான் கேட்டு வளர்ந்தேன். அப்பா இன்னும் நம்பவில்லை. வயது 19. இனிமேல் சான்றிதழ் கிடைக்குமா, பள்ளியிலேயே வாங்கியிருக்க வேண்டுமா?

சிறப்பாசிரியை, நெல்லை:

தம்பி, இங்கே தாராளமாகப் பேசலாம். நீ சோம்பேறி இல்லை. படிக்கச் சிரமப்பட்டுக்கொண்டே பொறியியல் வரை வந்திருக்கிறாய், உன் வகுப்பில் பலரைவிட நீ அதிகமாக உழைத்திருப்பாய்.

டிஸ்லெக்சியா என்பது படிப்பதில் சிரமம் தரும் ஒரு கற்றல் குறைபாடு. 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்ற பெயரில் இது 2016 சட்டத்தின் 21 வகைகளில் ஒன்றாக வருகிறது. 1995 சட்டத்தில் இது இல்லை, அதனால்தான் உன் அப்பா வயதுக்காரர்கள் பலருக்கு இது ஒரு குறைபாடு என்றே தெரியாது. 2018 ஜனவரி விதிமுறையில் எட்டு வயதிலும், 14-லும், 18-லும் சான்று என்று இருந்தது. 18-இல் தருவது ஆயுள் முழுக்கச் செல்லும் என்றும் அதில் இருந்தது. உனக்கு இப்போது 19 என்பதால் ஒரே முறை அலைந்தால் போதும்.

பார்த்த உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் (ஆர்.சி.ஐ., இந்தத் துறை வல்லுநர்களைப் பதிவு செய்யும் அமைப்பு) பதிவு பெற்றவரா என்று கேள். அறிக்கையில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும், என்னென்ன சோதனை வைத்தார் என்பதும் இருக்க வேண்டும். அந்த அறிக்கையோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போ. தனியார் அறிக்கை மட்டும் சான்றிதழாகாது, ஆனால் அது கையில் இருந்தால் அங்கே உன்னைச் சுற்றவிடாமல் பார்த்துக்கொள்வார்கள். பள்ளி மதிப்பெண் அட்டைகள், பழைய நோட்டுகள் ஏதாவது வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதே. மூன்றாம் வகுப்பு நோட்டில் சிவப்பு மையில் திருத்திய எழுத்துகள்கூட, இது நேற்று வந்ததில்லை என்று காட்டும்.

அப்பாவையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போ. நீ சொன்னால் நம்பாதவர் மருத்துவர் வாயால் கேட்டால் மாறுவார். பல வீட்டில் அப்படி மாறிப் பார்த்திருக்கிறேன்.

எடிசன்வாசி:

நாங்கள் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். இங்கேயும் பள்ளி முடிந்ததும் இதே இடத்தில்தான் இடறுவார்கள், அதனால் எழுதுகிறேன். பள்ளியில் பிள்ளைக்கென்று ஒரு தனிக் கல்வித் திட்டம் போடுவார்கள், எல்லாவற்றையும் பள்ளியே தேடி வந்து செய்யும். கல்லூரியில் அந்தத் திட்டம் செல்லாது. சட்டமே வேறு. மாணவனே போய்த் தன் தேவையைச் சொல்லி, ஆவணத்தைக் கொடுத்துக் கேட்க வேண்டும். பெற்றோர் பேச முடியாது. என் மகன் முதல் செமஸ்டர் முழுக்கக் கேட்காமலே விட்டுவிட்டான்.

இங்கே எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. ஆவணம் முழுவதும் மாற்றுத்திறனாளி மாணவர் அலுவலகத்திலேயே இருந்துவிடும். பேராசிரியருக்குப் போகும் கடிதத்தில் "இவருக்குத் தேர்வில் ஒன்றரை மடங்கு நேரம்" என்று மட்டும் இருக்கும், என்ன குறைபாடு என்று இருக்காது. ஊரிலும் இதைக் கேட்டு வாங்குங்கள் அக்கா. அறைக் கண்காணிப்பாளருக்கு நோயின் பெயர் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

அரியர் எழுதுபவன்:

இதை யாராவது எங்கள் துறையிலும் சொன்னால் நன்றாக இருக்கும். நான் பயப்படுவதே அதற்குத்தான். வகுப்பில் எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவார்களோ என்று.

தேர்வறைப் பேராசிரியர்:

தம்பி, மனுவிலேயே ஒரு வரி சேர்த்துவிடு: "என் மருத்துவ விவரங்களைத் தேர்வுப் பிரிவைத் தாண்டிப் பகிர வேண்டாம்." நாங்கள் அறைக் கண்காணிப்பாளருக்குக் கொடுக்கும் பட்டியலில் பதிவெண்ணும் கூடுதல் நேரமும் மட்டும்தான் போடுகிறோம். எல்லாக் கல்லூரியிலும் இதைச் செய்யலாம், செலவில்லாத வேலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அனுமதி ஆணை வந்தால் அதன் நகலை ஹால் டிக்கெட்டோடு கையில் வைத்திரு. 2021 நீட் தேர்வில் எழுதுதல் குறைபாடுள்ள ஒரு மாணவிக்கு உரிய ஒரு மணி நேரத்தைத் தராமல் தேர்வு மையத்தில் தாளைப் பிடுங்கிவிட்டார்கள். உச்ச நீதிமன்றம்வரை போனார். நடந்தது தவறு என்று நீதிமன்றம் சொன்னது, ஆனால் மறுதேர்வு கிடைக்கவில்லை. தேர்வறைக்குள் போன நேரம் திரும்பி வராது. அதனால் தேர்வு தொடங்கும் முன்பே கண்காணிப்பாளரிடம் ஆணையைக் காட்டி, எத்தனை மணிக்கு முடியும் என்று அவர் வாயால் சொல்ல வைத்துக்கொள்.

காவிரிக்கரை அம்மா:

எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

ஆசிரியை சொன்னபடி ஒரு மணி நேரம் எழுத வைத்தேன். முதல் பத்து நிமிடத்தில் 140 வார்த்தை. கடைசிப் பத்து நிமிடத்தில் 41. நடுவில் மூன்று முறை நிறுத்தினான். எண்ணிவிட்டு நான் அந்தத் தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பதினெட்டு வருடம் கூடவே இருந்தும் இந்த அளவு என்று எனக்கே தெரியாது.

அரசு மருத்துவமனையில் முதல் நாள் "அட்டைதான் இருக்கிறதே, அப்புறம் எதற்கு" என்று அனுப்பிவிட்டார்கள். 2022 வழிகாட்டுதலின் நகலை எடுத்துக்கொண்டு மறுபடி போனோம். அதன் பின்னிணைப்பிலேயே சான்றிதழின் மாதிரி இருக்கிறது. கண்காணிப்பாளர் வாங்கிப் படித்தார். எலும்பு மருத்துவர், நரம்பியல் மருத்துவர், உளவியலாளர் எல்லோரும் கையெழுத்திட வேண்டும் என்பதால் நான்கு நாள் ஆனது. எழுதிய தாளை நரம்பியல் மருத்துவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரே "எழுதும் திறன் பாதிக்கப்படுகிறது" என்று போட்டுக் கொடுத்தார்.

கல்லூரி தன்னாட்சி இல்லை. முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு மனு போயிருக்கிறது, முத்திரை வாங்கிவிட்டேன். இன்டர்னலுக்கு முதல்வரே அனுமதி எழுதினார். எழுதுபவர் இப்போதைக்கு வேண்டாம் என்று மகன் சொல்லிவிட்டான், நேரம் மட்டும் போதுமாம். கையெழுத்தையும் அவனேதான் போட்டான், மனுவையும் அவனேதான் நீட்டினான். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

நேற்று இரண்டாம் இன்டர்னல். கேள்வி எதையும் விடவில்லை என்றான்.

சட்டம் படிப்பவள்:

படிக்கவே அவ்வளவு மகிழ்ச்சி அம்மா. பல்கலைக்கழகத்துக்கு மனு போய்ப் பதினைந்து நாள் தாண்டினால் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். மறுத்தால் எழுத்தில் கேளுங்கள், அதை வைத்து மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் செய்யலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். வரைவு எழுத நான் உதவுகிறேன்.

அரியர் எழுதுபவன்:

அக்கா, மேடம், வியாழக்கிழமை மருத்துவமனையில் முதல் நாள். அப்பா வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மூன்றாம் வகுப்பு நோட்டைப் பரணில் தேடி எடுத்ததே அவர்தான்.